தட்டிப் பார்த்து வாங்கியது

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு.
வீடு போர்ட் அகஸ்டாவில்.
வேலையெல்லாம் வடக்கே:
நூறு கிலோமீட்டருக்கு ஒரு பண்ணைவீடு,
அந்த வீட்டில் ஒரு பியானோ,
அதில் கரையான் தின்றது போக மீதி.

பழைய வண்டியைப் பற்றிப் பேசினால்
மார்னி எழுந்து போய்விடுவாள்.
போகட்டும், சொல்கிறேன்.
மாரீ தாண்டிய மண்சாலை
துவைக்கும் பலகை போல் வரிவரியாய்க் கிடந்தது.
நாலு மணி நேரம் எங்களுக்குப் பின்னால்
குளிர்க்காய்ச்சல் கண்டவன் போல் வந்தது வண்டி.
நிறுத்திக் கதவைத் திறந்தால்
அலமாரி கட்டிலில் படுத்திருந்தது.
வெண்ணெயில் ஒரு திருகாணி.
முட்டைகள் தங்களுக்குள் எதையோ பேசி முடித்திருந்தன.
பின்சுவர் மட்டும் எங்களோடு வரவில்லை.
இழுத்துப் போக வந்தவன் கேட்ட கூலிக்கு
இன்னொரு வண்டியே வாங்கலாம்.

ஆகவே இன்னொரு வண்டி.

விற்பவன் பெயர் பிரைடன். நல்ல பையன்.
"எந்தச் சாலைக்கும் போகும்" என்று
வண்டியின் விலாவில் எழுதியிருந்ததைக் காட்டினான்.
எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.
நிறம் மாறும் விளக்கைக் காட்டினான்,
ஒயின் கோப்பைகளுக்கென்று வெட்டிய குழிகளை.
நான் சட்டையைக் கழற்றி மண்ணில் விரித்து
அடியில் நுழைந்தேன்.
"சார், உள்ளே பாருங்களேன்"
என்று என் கால்களிடம் கெஞ்சினான்.

அடியில் இருப்பதுதான் வண்டி.
மேலே இருப்பது வெறும் அறை.
தண்ணீர்த் தொட்டிக்குக் கவசம் உண்டா,
பிரேக் வயர் கல்லடிக்கு வாகாய்த் தொங்குகிறதா,
இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.
பற்றவைத்த இடம் பிடித்திருக்கிறதா
சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பது
காதுக்குத்தான் தெரியும்.
சுருதி திருகும் சாவியால் தட்டினேன்.
நல்ல இரும்பு
தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் பேசும்.
விரிசல் விட்டது
ஒரே சொல்லோடு வாயை மூடிக்கொள்ளும்,
கடன் வாங்கியவன் மாதிரி.
முதல் வண்டி வாயை மூடியது.
மூன்றாவதும்.
ஐந்தாவதைத் தட்டும்போது பிரைடன்
குளிர்பானம் எடுக்கப் போயிருந்தான்.

மார்னிக்கு என் காதில் நம்பிக்கை கிடையாது.
அவளுக்குப் பகை புழுதி.
நடுப்பகல், நாற்பத்தொரு டிகிரி.
ஒவ்வொரு வண்டியாய் ஏறி, கதவைச் சாத்தி,
திரைகளை இழுத்துவிட்டு
இருட்டில் உட்கார்ந்தாள்.
வெளிச்சம் வரும் வழியில் புழுதியும் வரும்,
வந்தால் சாயங்காலம் திரும்பிப் போகாது,
அது அவள் கணக்கு.
இருப்பதிலேயே விலை கூடிய வண்டியில்
ஓட்டைகளை எண்ண ஆரம்பித்து
இருபதில் நிறுத்திவிட்டாள்.
"நட்சத்திரம் பார்க்க ரொம்ப வசதி"
என்று சொல்லி இறங்கினாள்.

வேலியோரம் ஒன்று நின்றது, யாரோ திருப்பித் தந்தது.
குட்டை. ஆமை நிறம். கழிப்பறை கிடையாது.
விலாவில் ஒரு கங்காரு
தன் கடைசிக் கருத்தைப் பதித்திருந்த பள்ளம்.
தட்டினேன்.

ணங்ங்...

ஏறக்குறைய ஒரு ஜி. சற்றே இறங்கிய ஜி.
மண்ணில் மல்லாந்தபடி
அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்னி வெகுநேரம் வெளியே வரவில்லை.
வந்தாள், குளித்தவள் போல் வியர்த்து.
"ஒன்றே ஒன்று. கீலுக்குப் பக்கத்தில். ஊசிமுனை."
வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்து
உள்ளே போய் அப்பிவிட்டு வந்தாள்.
"இப்போது அதுவும் இல்லை."

பிரைடனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.
"இதில் விளக்கு நிறம் மாறாதே, மேடம்."

அதே சாலை. அதே வரிகள்.
வில்லியம் கிரீக்கில் இறங்கி
கதவுக்கு முன் இருவரும் நின்றோம்,
நீ திற, நீ திற என்று.
கோப்பைகள் கோப்பைகளாகவே இருந்தன.
முட்டைகளிடம் பேச்சு மூச்சில்லை.
சர்க்கரை டப்பாவில் மட்டும்,
மூடி இறுக்கிய டப்பாவில்,
எப்படியோ சிவப்பு.

மார்னி கீல் பக்கம் திரும்பி
சூயிங்கத்தை ஒரு முறை முறைத்தாள்.
பிறகு இருவர் கோப்பையிலும்
இரண்டிரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள்.